ஃபோர்ட்டேபியானோ: தனி வாத்தியமா, பியானோவின் பழைய பெயரா?

மெட்டுக்காரன்:

எங்கள் ஊரில் கொஞ்சம் பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை மேற்கத்திய சங்கீதம் கேட்கிறோம். கேட்கப்போவதைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதி, நகலெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த முறை மோட்சார்ட்டின் சி மைனர் ஃபாண்டசியாவும் சொனாட்டாவும், அதாவது அவர் படைப்புப் பட்டியலில் கே. 475, கே. 457. சிடி உறையில் பியானோ என்று இல்லை, ஃபோர்ட்டேபியானோ என்று இருக்கிறது. குழுவில் ஒருவர் “பியானோஃபோர்ட்டே என்பதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், அச்சுப்பிழை” என்கிறார். இன்னொருவர் “பிழையெல்லாம் இல்லை, பியானோவுக்கு அந்தக் காலத்துப் பெயர்” என்கிறார். மூன்றாவது ஆள் அது வேற வாத்தியம் என்று அடித்துச் சொல்கிறார். வெறும் பெயர்ச் சண்டை என்றால் பியானோ என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்பத்தெட்டு_கட்டை:

பழைய பெயர்தான் சார். பியானோ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கதை இதுதான். ஃபிளாரன்ஸில் மெடிச்சி இளவரசர் ஃபெர்டினாண்டோவின் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டவர் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி. 1700-ல் அந்த வாத்தியங்களுக்குப் போட்ட பட்டியலில், இவர் புதிதாகக் கண்டுபிடித்த, ‘மெல்லவும் உரக்கவும் ஒலிக்கிற’ ஆர்ப்பிசிம்பாலோ ஒன்று வருகிறது. இத்தாலிய மொழியில் மெல்ல என்பதற்கு பியானோ, உரக்க என்பதற்கு ஃபோர்ட்டே. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்ட் என்கிற வாத்தியத்தில் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தம்தான், ஏனென்றால் அங்கே கம்பியை ஒரு சின்ன இறகுத் துண்டு சுண்டுகிறது. இவர் சுண்டுவதை விட்டுச் சுத்தியலால் தட்ட வைத்தார். 1711-ல் மாஃபெய் என்கிற எழுத்தாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் ‘பியானோவும் ஃபோர்ட்டேயும் உள்ள கிராவிசெம்பாலோ (ஹார்ப்சிகார்ட்)’ என்றுதான் இருக்கிறது. இவ்வளவு நீளப் பெயரை யார் தினமும் சொல்வார்கள்? ஆளுக்கொரு பக்கம் வெட்டினார்கள். சிலர் வாயில் பியானோஃபோர்ட்டே, சிலர் வாயில் ஃபோர்ட்டேபியானோ, கடைசியில் சோம்பேறித்தனம் ஜெயித்து வெறும் பியானோ. 1767-ல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கத்து விளம்பரத் தாளில் ‘பியானோ ஃபோர்ட்டே என்கிற புதிய வாத்தியம்’ என்று போட்டார்கள். நான் சென்னையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், லண்டன் தேர்வுகளின் பழைய சான்றிதழ்களில் பியானோஃபோர்ட்டே என்றே இருக்கும். அதற்காக அந்தப் பிள்ளைகள் வேறு ஏதோ வாசித்தார்கள் என்று சொல்வீர்களா?

வியன்னா_காது:

பியானோஃபோர்ட்டே பற்றிச் சொன்னது சரி. ஃபோர்ட்டேபியானோவை அதோடு சேர்த்துக் கட்டியதுதான் தப்பு. இன்றைக்கு ஒரு சிடி உறையில் அந்தச் சொல் இருந்தால் அர்த்தம் ஒன்றே ஒன்று: மோட்சார்ட், ஹைடன் காலத்து வாத்தியம், அல்லது அதைப் பார்த்துச் செய்த நகல். பழைய பெயர் இல்லை, பழைய பொருள்.

மெட்டுக்காரன் சார், உங்கள் மூன்றாவது நண்பர் பக்கம் நான். வியன்னாப் பட்டறைக்காரர் ஆன்டன் வால்ட்டர் செய்து மோட்சார்ட்டிடம் இருந்தது 61 கட்டை, ஐந்து ஸ்தாயி. இன்றைய பியானோவில் 88. உள்ளே இரும்புச் சட்டமே கிடையாது, எல்லாம் மரம். இன்றைய கச்சேரி கிராண்டில் (படுக்கை வடிவப் பெரிய பியானோ) கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 டன் இழுவிசையில் நிற்கின்றன, மரச் சட்டத்தில் அதை ஏற்றினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இன்றைய சுத்தியலில் தடித்த கம்பளி ஃபெல்ட், வியன்னாச் சுத்தியல் விரல் நுனி அளவு மரத்தலை, மேலே மெல்லிய தோல். அதுவும் சுத்தியல் கட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும், வாசிப்பவரைப் பார்த்தபடி. கட்டையின் முன்பக்கம் கீழே போனால் பின்பக்கம் சுத்தியலைத் தூக்கிக்கொண்டே எழும்பும், சுத்தியலின் வால்நுனி ஒரு சின்ன மரக்கொக்கியில் மாட்டிக்கொள்ளும், தலை கம்பியைப் பார்த்து எகிறும், அடிக்கும் முன்பே கொக்கி நழுவி விட்டுவிடும். கட்டை இறங்குவது இன்றைய பியானோவில் பாதி ஆழம் இருந்தாலே அதிகம். இன்றைய பியானோவில் பழகிய விரல் அதில் வாசித்தால் முதலில் எல்லா இடத்திலும் சத்தம் தெறிக்கும். பெடலும் கிடையாது, முழங்காலால் மேலே தள்ளுகிற நெம்புகோல். இதையெல்லாம் மறைத்துவிட்டு ‘பியானோ’ என்று ஒரே சொல்லில் எழுதினால் கேட்பவர்கள் என்ன நினைத்துக்கொண்டு உட்காருவார்கள்?

எண்பத்தெட்டு_கட்டை:

எல்லாம் உண்மை. ஆனால் அதை வைத்து வேறு பெயர் வேண்டும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் 19-ம் நூற்றாண்டில் கழுத்தை மாற்றினார்கள், உள்ளே பேஸ் பார் என்கிற தாங்கு சட்டத்தை மாற்றினார்கள், பிறகு குடல்நரம்பு போய் உலோகக் கம்பி வந்தது, வில்லே வேறு. யாராவது அதற்குத் தனிப் பெயர் வைத்தார்களா? வயலின்தான். ரொம்பப் போனால் பரோக் வயலின் என்பார்கள். பியானோவுக்கு மட்டும் ஏன் ஒரு பழைய பெயரைத் தோண்டி எடுத்து மாட்ட வேண்டும்?

இன்னொன்று, மோட்சார்ட் என்ன சொன்னார் என்று பாருங்கள். 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்டைன் என்கிற பட்டறைக்காரரின் வாத்தியங்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார், எழுதிய சொல் ‘பியானோ ஃபோர்ட்டே’. அடுத்த வரியிலேயே ஸ்பேத் செய்ததைப் பற்றிச் சொல்லும்போது ‘கிளாவியர்’, அதாவது கட்டை வாத்தியம் எதற்கும் சொல்லும் பொதுச்சொல். ஒரே கடிதம், அடுத்தடுத்த வரி. உங்கள் ஆளே கவலைப்படவில்லை, நாம் ஏன் மூளையைக் கசக்க வேண்டும்?

வியன்னா_காது:

அதே மோட்சார்ட்டின் இந்த சி மைனர் ஃபாண்டசியாவும் சொனாட்டாவும் 1785-ல் வியன்னாவில் அர்ட்டாரியா பதிப்பகம் அச்சிட்டபோது முகப்பில் என்ன போட்டார்கள் தெரியுமா? ‘ஃபோர்ட்டே-பியானோவுக்காக’. அதே வருஷம் மார்ச் மாதம் மகன் வீட்டில் வந்து தங்கியிருந்த அப்பா லெயோபோல்ட் மகளுக்கு எழுதுகிறார், உன் தம்பியின் ‘ஃபோர்ட்டேபியானோ ஃப்ளூகல்’ (கிராண்ட் வடிவம்) நான் வந்ததிலிருந்து குறைந்தது 12 தடவை வீட்டைவிட்டு நாடகக் கொட்டகைக்கோ யார் வீட்டுக்கோ தூக்கிப் போகப்பட்டிருக்கிறது என்று. இன்றைய கச்சேரிப் பியானோவான ஸ்டைன்வே டி மாடல் ஏறக்குறைய அரை டன். அதை இப்படிப் பன்னிரண்டு தடவை தூக்கிவிட்டு வந்து சொல்லுங்கள், இரண்டும் ஒன்று என்று. ஹைடனும் 1788-ல் அர்ட்டாரியாவுக்கு எழுதுகிறார், உங்கள் மூன்று சொனாட்டாக்களையும் நன்றாக எழுதுவதற்காகப் புதிய ‘ஃபோர்ட்டேபியானோ’ ஒன்று வாங்க வேண்டியதாயிற்று, 31 டுகாட் தங்கக்காசு ஆனது என்று. வியன்னாவில் அந்தக் காலத்தில் அந்த வாத்தியத்துக்கு அந்தப் பெயர். நான் தோண்டி எடுக்கவில்லை.

எண்பத்தெட்டு_கட்டை:

நீங்களே என் வேலையைச் சுலபமாக்குகிறீர்கள். ஹைடன் ‘ஃபோர்ட்டேபியானோ’ என்று எழுதியது எதிலிருந்து பிரித்துக் காட்ட? ஹார்ப்சிகார்டிலிருந்து. நீங்கள் இன்று அதே சொல்லை எடுத்து ஸ்டைன்வேயிலிருந்து பிரிக்கப் பயன்படுத்துகிறீர்கள். சொல் அதே, எதிராளி மாறிவிட்டான். ஹைடனுக்கு அது இருப்பதிலேயே புத்தம் புது வாத்தியம். 31 டுகாட் கொடுத்துப் பழைய சாமானா வாங்கினார்? இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே அருங்காட்சியக வாசனை வருகிறது. இந்த அர்த்தம் 20-ம் நூற்றாண்டில் பழைய வாத்தியங்களை மறுபடி செய்து வாசிக்க ஆரம்பித்த பிறகு ஒட்டியது.

சும்மா_கேட்பவன்:

நடுவில் ஒரு சந்தேகம். மோட்சார்ட் நோட்டில் அடிக்கடி எஃப்பீ (fp) என்று சேர்த்துப் போட்டிருக்கிறதே, அதுவும் ஃபோர்ட்டேபியானோதானே? ‘இதைப் பழைய பியானோவில் வாசி’ என்று அர்த்தமா?

எண்பத்தெட்டு_கட்டை:

இல்லை தம்பி. ஓங்கி ஆரம்பித்து உடனே மெல்லமாக்கு என்று அர்த்தம். வயலின் நோட்டிலும் வரும், பாட்டு நோட்டிலும் வரும்.

வியன்னா_காது:

ஆனால் ஒரு விஷயம், அந்த எஃப்பீயை வால்ட்டரில் கேட்டால்தான் ஏன் அவ்வளவு எழுதினார் என்று புரியும். அதில் ஓங்கி அடித்த சத்தம் தானாகவே சட்டென்று இறங்கிவிடும். இன்றைய பியானோவில் இழுத்துக்கொண்டே நிற்கும், அடுத்த ஸ்வரம் அதில் முழுகும்.

மாஸ்கோ_ரிட்டர்ன்:

நான் ரஷ்யாவில் எம்.டி. படித்தவன், சங்கீதம் படிக்கவில்லை. ஆனால் இந்தச் சண்டை எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் ஒரு தட்டுக்கெட்ட நிற்கும் பியானோ கிடந்தது, சோவியத் காலத்துத் தயாரிப்பு, அதையும் ‘ஃபர்தெபியானா’ என்றுதான் சொன்னார்கள். அங்கே அது பொதுப் பெயர். குழந்தையை எதில் சேர்த்திருக்கிறாய் என்றால் ஃபர்தெபியானா வகுப்பில் என்பார்கள். நீளமாகப் படுத்திருந்தால் ‘ராயல்’, சுவரோடு நின்றால் ‘பியானினோ’, இரண்டும் சேர்ந்து ஃபர்தெபியானா. நேற்று தொழிற்சாலையிலிருந்து வந்த யமஹாவும் ஃபர்தெபியானாதான். மோட்சார்ட் காலத்து வாத்தியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஹாமர்கிளாவிர்’ (சுத்தியல் கட்டை வாத்தியம்) என்று போடுவார்கள். அப்ப வியன்னா சார் சொல்கிற ‘அர்த்தம் ஒன்றே ஒன்று’ என்பது பதினைந்து கோடி ஆட்களுக்குப் பொருந்தாது.

வியன்னா_காது:

டாக்டர், ரஷ்யாவில் என்ன சொல்கிறார்கள் என்பது ரஷ்ய உறைக்குத்தான் பொருந்தும். மெட்டுக்காரன் கையில் இருப்பது இங்கிலீஷ் உறை.

லாச்சப்பல்_அக்கா:

பாரிசிலிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். என் மகள் இங்கே கொன்சர்வத்துவாரில், சங்கீதக் கல்லூரியில் படிக்கிறா. பிரெஞ்சில் பழைய வாத்தியத்துக்குப் ‘பியானோஃபோர்த்தே’ என்று சொல்வினம், அதை வாசிக்கிறவரைப் ‘பியானோஃபோர்த்தீஸ்த்’. இன்றைய வாத்தியம் வெறும் ‘பியானோ’. மகளின் சிநேகிதி ஒருத்தி இத்தாலிக்காரி, அவவுக்கு இதே சொல் வீட்டில் இருக்கிற சாதாரணப் பியானோ. அங்கே ‘பியானோ’ என்று மட்டும் சொன்னால் மெல்ல என்றும் இருக்கும், வீட்டு மாடி என்றும் இருக்கும், திட்டம் என்றும் இருக்கும், அதனால் முழுப் பெயரை விடவே இல்லையாம். ரெண்டு பிள்ளைகளும் முதல் வகுப்பில் ஒருவரை ஒருவர் விளங்காமல் அரைமணி நேரம் கதைத்திருக்குதுகள். எண்பத்தெட்டு அண்ணை பியானோஃபோர்ட்டே என்றால் இன்றையது என்கிறார், இங்கே அது அன்றையது.

எண்பத்தெட்டு_கட்டை:

அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன், நாட்டுக்கு நாடு உருளுகிற சொல்லை வைத்து வாத்தியத்தைப் பிரிக்க முடியாது. போலந்தில் ‘ஃபோர்ட்டெபியான்’ என்றால் படுத்திருக்கும் கிராண்ட், ஸ்டைன்வேயாக இருந்தாலும் சரி. வார்சாவில் 2018-லிருந்து ஷோபான் காலத்து வாத்தியங்களுக்கென்று தனிப் போட்டி நடத்துகிறார்கள், அதன் பெயரில் இருப்பது ‘வரலாற்று வாத்தியங்கள்’. தெளிவாக இருக்கிறதா இல்லையா?

பெத்தோவன் கதையும் இதே கதைதான். 1817 ஜனவரியில் பதிப்பாளர் ஸ்டைனருக்கு எழுதுகிறார், இனிமேல் பியானோஃபோர்ட்டே வேண்டாம், ‘ஹாமர்கிளாவியர்’ என்று போடுங்கள் என்று. அன்று அவருக்கு ஜெர்மன் சொல்லின் மேல் ஆசை, வாத்தியம் மாறவில்லை. ஓபஸ் 101 சொனாட்டாவுக்கும் அந்தப் பெயர் போட்டார்கள், 106-க்கும் போட்டார்கள். 106-ல் மட்டும் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் என்னிடம் வந்து, “சார், அந்த சொனாட்டாவை ஹாமர்கிளாவியர் என்கிற தனி வாத்தியத்தில்தான் வாசிக்கணுமாமே” என்று கேட்கிற பெற்றோர் உண்டு. ஒரு பழைய பெயர் பண்ணுகிற வேலையைப் பாருங்கள்.

வியன்னா_காது:

பெத்தோவனை இழுத்தது நல்லது. ‘நிலவொளி’ என்று எல்லோரும் சொல்கிற ஓபஸ் 27, இரண்டாவது. முதல் பகுதியின் தலையில் அவர் எழுதியிருப்பது: இந்தப் பகுதி முழுவதையும் மிக மென்மையாக, டாம்பர் இல்லாமல் வாசிக்க வேண்டும். டாம்பர் இல்லாமல் என்றால் கம்பியை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தும் அடைப்புகளை எல்லாம் தூக்கியே வைத்திரு, நடுவில் விடாதே என்று. இதை உங்கள் வகுப்பில் இருக்கும் பியானோவில் இன்று சாயங்காலம் அப்படியே செய்து பாருங்கள் சார். நான்கு வரி போவதற்குள் எல்லாம் ஒன்றில் ஒன்று கலந்து சேறாகிவிடும், அதனால்தான் நீங்களும் பிள்ளைகளுக்கு ஸ்ருதிக்கூட்டம் மாறும் இடங்களில் எல்லாம் பெடலை மாற்றச் சொல்லித் தருகிறீர்கள். ஐந்து ஸ்தாயி வியன்னா வாத்தியத்தில் அது சேறாவதில்லை. ஒவ்வொரு சத்தமும் சீக்கிரம் அடங்கிவிடுவதால் பழையது ஒரு புகை மாதிரி பின்னால் நிற்கும், புதியது மேலே தெளிவாகக் கேட்கும். ஒரே குறிப்பு ஒன்றில் சங்கீதம், இன்னொன்றில் இரைச்சல். இதற்குமேல் தனி வாத்தியம் என்பதற்கு என்ன சாட்சி வேண்டும்?

எண்பத்தெட்டு_கட்டை:

அதே பாட்டு 1802-ல் வெளிவந்தபோது முகப்பில் இருந்தது ‘கிளாவிசெம்பாலோ அல்லது பியானோ-ஃபோர்ட்டேவுக்கு’. ஹார்ப்சிகார்டில் வாசித்தாலும் சரி என்கிற மாதிரி! பதிப்பாளருக்கு நாலு பிரதி கூட விற்கணும், அவ்வளவுதான். முகப்பில் இருக்கும் சொல்லை நம்பி வாத்தியத்தைப் பிரிப்பவர்கள் இதை ஹார்ப்சிகார்டில் வாசித்துக் காட்டட்டும்.

டாம்பர் விஷயத்தை நான் மறுக்கவில்லை, அது அருமையான உதாரணம். ஆனால் கேள்வி இதுதான்: கோடு எங்கே போடுவீர்கள்? 1821-ல் எரார், ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்க உதவும் இரட்டை எஸ்கேப்மென்ட் கொண்டுவந்தார். 1825-ல் பாஸ்டனில் பாப்காக் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம். 1826-ல் பாரிசில் பாப் சுத்தியலுக்கு ஃபெல்ட். 1859-ல் ஸ்டைன்வே கிராண்டில் கம்பிகளைக் குறுக்கே ஓடவிட்டார்கள். இதில் எந்த நாள் காலையில் ஃபோர்ட்டேபியானோ செத்துப் பியானோ பிறந்தது? ஷோபான் வாசித்த ப்ளெயெல் பியானோ எது? பிராம்ஸ் வீட்டில் இருந்த ஸ்ட்ரைஷர் பியானோ 1868-ல் செய்தது, அதில் அப்போதும் நீங்கள் மேலே வர்ணித்த அதே வியன்னா முறை. அது ஃபோர்ட்டேபியானோவா? சொன்னால் உங்கள் ஆட்களே சிரிப்பார்கள்.

வியன்னா_காது:

கோடு கோணலாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஒன்று என்று ஆகிவிடாது. எங்கே சாயங்காலம் முடிந்து ராத்திரி ஆரம்பிக்கிறது என்று நிமிஷக் கணக்கில் சொல்ல முடியாது, அதற்காக விளக்குப் போடாமலா இருக்கிறோம்? ஐந்து ஸ்தாயி, ஐந்தரை ஸ்தாயி, மரச் சட்டம், தோல் சுத்தியல், இது ஒரு முனை. அந்த முனைக்கு இந்தப் பெயர். ப்ளெயெலையும் ஸ்ட்ரைஷரையும் செய்தவர் பெயரும் வருஷமும் சொல்லிக் குறிப்பதுதான் எங்கள் வழக்கம்.

எண்பத்தெட்டு_கட்டை:

அதைத்தானே நானும் கேட்கிறேன்! அவற்றைச் செய்தவர் பெயர், வருஷம் சொல்லிக் குறிக்க முடியும் என்றால் வால்ட்டரை ஏன் முடியாது?

மாஸ்கோ_ரிட்டர்ன்:

இதற்குத் தமிழில் ‘மென்வன்னிசைப் பேழை’ என்று யாராவது கிளம்புவதற்குள் திரியைப் பூட்டிவிடுங்கள்.

சும்மா_கேட்பவன்:

வன்மென்னா மென்வன்னா என்று அடுத்த திரி ஓடும் டாக்டர்.

மெட்டுக்காரன்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் ஆளின் அச்சுப்பிழைக் கட்சி அடிபட்டுப் போனது, அது மட்டும் நிச்சயம். நான் இப்படி எழுதப் போகிறேன்: “1782 வாக்கில் ஆன்டன் வால்ட்டர் செய்து, மோட்சார்ட்டிடம் இருந்த பியானோவின் மாதிரியில் செய்த வாத்தியம். ஐந்து ஸ்தாயி, மரச் சட்டம், தோல் போர்த்திய சுத்தியல். இப்படிப்பட்ட ஆரம்பகாலப் பியானோவை இன்று ஃபோர்ட்டேபியானோ என்பார்கள்.” பிறகு முழுக்கப் பியானோ என்றே போய்விடுவேன். உறையைத் திருப்பிப் பார்த்தேன், அசல் இல்லை, நகல்தான்.

எண்பத்தெட்டு_கட்டை:

எனக்குச் சம்மதம். ‘இன்று’ என்கிற சொல்லை மட்டும் எடிட்டிங்கில் விட்டுவிடாதீர்கள், என் கட்சி முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

நகல் என்பதால் ஒன்று சொல்கிறேன். சால்ஸ்பர்க்கில் இருக்கும் அந்த அசல் வால்ட்டரே, மோட்சார்ட் இறந்த பிறகு வால்ட்டர் கையாலேயே பழுதுபார்க்கப்பட்டது. டாம்பரைத் தூக்க முழங்கால் நெம்புகோலும் இருக்கிறது, கையால் இழுக்கும் குமிழும் இருக்கிறது. இன்று அதற்குள் இருக்கும் மெக்கானிசம் மோட்சார்ட் வாசித்ததேதானா, பிறகு மாற்றியதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் அடிதடி. அதனால் “மோட்சார்ட் கேட்ட அதே சத்தம்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வியன்னா_காது:

“அதே சத்தம்” என்று எழுத வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘முழுக்கப் பியானோ என்றே போய்விடுவேன்’ என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை, ஒரு தடவை பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு ஏன் உடனே அதை மறக்கடிக்க வேண்டும். சரி, உங்கள் குறிப்பு, உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று செய்யுங்கள்: ஃபாண்டசியாவின் முதல் நிமிடத்தை இந்த சிடியில் போட்டு, உடனே அதே இடத்தை ஏதாவது ஒரு ஸ்டைன்வே பதிவில் போடுங்கள். ஆரம்பத்தில் இரண்டு கையும் ஒரே மெட்டைக் கீழே எடுக்கும், உடனே மெல்லிய பதில் வரும். வால்ட்டரில் கீழ் ஸ்தாயி நாணல் மாதிரி கரகரவென்றும் மேல் ஸ்தாயி வேற ஆள் பேசுகிற மாதிரியும் இருக்கும், ஸ்டைன்வேயில் மேலிருந்து கீழ்வரை ஒரே குரல். குறிப்பை அதற்குப் பிறகு விநியோகியுங்கள், முன்னாடி கொடுக்காதீர்கள்.

மெட்டுக்காரன்:

இரண்டு சிடி மாற்றிப் போடுவதற்குள் எங்கள் ஆட்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். லேப்டாப்பில் இரண்டையும் ஒட்டி வைக்கிறேன்.